முஸ்கடேக்கு உப்பு வேண்டும்

நான் முதன்முதலில் வாங்கிய முஸ்கடே வெள்ளை வைன் போத்தலில் பாதியைக் கழுவும் தொட்டிக்குள் ஊற்றினேன். அது 2012. பாரிஸில் லா ஷப்பல் பக்கம் சில வருடங்கள் இருந்துவிட்டு, பிரான்சின் மேற்கே லுவார் ஆற்றங்கரையில் உள்ள நாந்த் நகரத்துக்கு வந்திருந்தேன். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இதுதான் இந்த ஊர் வைன் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று, கடையில் இருந்ததிலேயே மலிவான போத்தலை எடுத்து வந்தேன். இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியின் ஆக உள்ளே வைத்திருந்து, மறுநாள் புளிவிட்ட மீன்குழம்போடும் சோற்றோடும் குடித்துப் பார்த்தேன். வாசம் இல்லை, ருசி இல்லை. நாக்கில் ஒரு குளிர், அதன் பின்னால் வெறும் தண்ணீர்.

இன்று அதே நகரத்தில், அதே உணவகத்தில், சிப்பி திறப்பதும் மீன் சமைப்பதும் என் வேலை. வீட்டில் விருந்தாளி வந்தால் நான் முதலில் எடுப்பது முஸ்கடேதான். அன்று அந்த வைனில் பெரிய குறை இருக்கவில்லை. அதை நான் சந்தித்த விதம்தான் பிழை. எங்கள் ஆட்கள் பலர் இந்த வைனை என்னைப்போலவே ஒரு தடவை குடித்துவிட்டுக் கைவிட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். முஸ்கடே வேறு, மஸ்கட் வேறு. மஸ்கட் என்பது பூவும் பழமுமாக மணக்கும் திராட்சை. அதை எதிர்பார்த்து முஸ்கடேயைத் திறந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முஸ்கடே செய்யும் திராட்சையின் பெயர் மெலோன் து பூர்கோஞ். பெயரே சொல்வதுபோல அது கிழக்குப் பிரான்சின் பூர்கோஞ் பகுதியிலிருந்து வந்தது. மரபணு வழியில் பார்த்தால் புகழ்பெற்ற ஷார்தொனே திராட்சையும் இதுவும் ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகள். ஒன்று உலகம் முழுக்கப் போனது. மற்றது நாந்த் நகரத்தைச் சுற்றியே வேர்விட்டுத் தங்கிவிட்டது.

அது இங்கே தங்கியதற்குக் காரணம் குளிர். 1709ஆம் ஆண்டு குளிர்காலம் பிரான்சையே உறையவைத்தது. நாந்த் பகுதியின் பழைய கொடிகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. குளிரைத் தாங்கும் மெலோனைக் கொண்டுதான் பிறகு தோட்டங்களை மீட்டார்கள். அந்த நாட்களில் நாந்த் துறைமுகத்துக்கு வந்துபோன டச்சு வணிகர்களுக்கு, காய்ச்சி வடித்துப் பிராந்தி செய்ய அதிக மணமில்லாத வெள்ளை வைன் தேவைப்பட்டது. அவர்கள் விரும்பிய அந்த மணமின்மையைத்தான் நான் 2012இல் குறையாகக் கண்டேன். அது குறையல்ல என்பது எனக்கு ஒரு சிப்பி மேசையில் விளங்கியது.

அந்த வருட டிசம்பரில் குசினியில் ஆள் போதவில்லை. இங்கே நத்தாருக்கும் வருடக் கடைசி இரவுக்கும் சிப்பி இல்லாத மேசை அரிது. பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். ஷெஃப் என்னைக் கழுவும் தொட்டியிலிருந்து கூப்பிட்டு, குட்டையான தடித்த கத்தி ஒன்றைக் கையில் தந்தார். இரண்டாவது நாளே துணியை ஒழுங்காகச் சுற்றாமல் பிடித்து இடது உள்ளங்கையைக் குத்திக்கொண்டேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால்தான் சிப்பி திறக்கக் கேட்டு வருகிற எவருக்கும் நான் சொல்லும் முதல் சொல் துணிதான். குசினித் துவாலையை நாலாக மடித்து, சிப்பியைப் பிடிக்கும் கையை முழுக்க மூடிக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 31, நள்ளிரவு தாண்டி ஒரு மணி. கடைசி மேசையும் எழுந்து போய்விட்டது. மிஞ்சிய சிப்பிகளைத் தட்டில் பரப்பி, கருத்த றை பாணும் உப்பு வெண்ணெயும் வைத்து, வேலை செய்தவர்கள் எல்லோரும் நின்றபடியே சாப்பிட்டோம். ஷெஃப் ஒரு முஸ்கடேயைத் திறந்து எனக்கும் ஊற்றினார். கிளாஸை நான் வாயருகே கொண்டுபோகும்போது தடுத்தார்.

"முதலில் சிப்பி. நன்றாக மென்று விழுங்கு. பிறகு குடி."

பச்சைச் சிப்பி அன்றுதான் முதல் தடவை. கடல் அலை ஒன்று வாய்க்குள் வந்து உடைந்ததுபோல உப்பும் அயடின் வாசமும். அது இறங்கியதும் ஒரு மிடறு வைன். அதே வைன்தானா என்று நினைத்தேன். புளிப்பு சட்டென்று வட்டமாகி, தேசிக்காய்த் தோல் வாசம் எழும்பி, வாய் கழுவிவிட்டதுபோலத் துப்புரவாகி, அடுத்த சிப்பிக்குக் கை தானாகப் போனது. எத்தனை சாப்பிட்டேன் என்று எண்ணவில்லை.

ஏன் அப்படி நடக்கிறது என்பதைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். உப்பு, புளிப்பின் கூர்மையை மழுக்குகிறது. நாம் புளித்த மாங்காயை உப்புத் தொட்டுச் சாப்பிடுவது இதற்காகத்தான். முஸ்கடேயில் புளிப்பு முன்னுக்கு நிற்கும், சீனி இருக்காது. சாராயச் சத்தும் பெரும்பாலும் 12 சதவீதத்துக்குள்தான். அப்படிப்பட்ட வைனைத் தனியாகக் குடித்தால் புளிப்பு மட்டும்தான் தெரியும். உப்பான கடலுணவு கூட வந்தால் புளிப்பு பின்வாங்கி, அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆப்பிள், ஈரக்கல், பாண்மா வாசங்களுக்கு இடம் விடுகிறது. சிவப்பு வைனைச் சிப்பியோடு குடித்தால் வாயில் இரும்புச் சாமானை வைத்ததுபோல ஒரு ருசி வரும். இதில் அது வராது. சிப்பியின் ருசி மென்மையானது. அதன் மேல் ஏறி உட்காரும் வாசனைகளும் இதில் இல்லை.

சிப்பி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த வைனுக்கு அதுதான் முதல் சொந்தம், வீட்டில் செய்யவும் முடியும். கடையில் இலக்கமிட்டு விற்பார்கள். இலக்கம் கூடக்கூட அளவு சிறிது. 3ஆம் இலக்கம் என்றால் ஒரு சிப்பி 66 முதல் 85 கிராம் வரை. புதிதாகச் சாப்பிடுபவருக்கு 3 அல்லது 4 போதும். பெரியதை முதல் தடவையே வாய்க்குள் போட்டால் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. கோடையில் சிப்பி இனப்பெருக்கக் காலம், உள்ளே பால்போலத் திரண்டிருக்கும். எனக்கு அது பிடிக்காது. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நான் வீட்டுக்கு வாங்குவது. நாந்தின் தலான்சாக் சந்தையில் பூர்நெஃப் குடாவின் சிப்பி நிறைய வரும். இங்கிருந்து தென்மேற்கே போனால் ஒரு மணித்தியாலத்துக்குள் அந்தக் குடா. வாங்கி வந்ததைக் குழாய்த் தண்ணீரில் போடவே கூடாது, நல்ல தண்ணீர் அவற்றைக் கொன்றுவிடும். குழிந்த ஓடு கீழே இருக்கும்படி அடுக்கி, மேலே ஈரத்துணி போட்டு, 5 முதல் 10 பாகை செல்சியஸுக்குள் வைத்தால் சில நாள் உயிரோடு இருக்கும்.

திறக்கும்போது தட்டையான ஓடு மேலே, கூரான கீல்முனை உங்கள் பக்கம். கீலிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், வலப்பக்கம், இரண்டு ஓடும் சேரும் கோட்டில் கத்தியை நுழைத்தால் அங்கேதான் மூடியைப் பிடித்திருக்கும் தசை. அதை அறுத்ததும் மூடி தானாகத் தளரும். பலத்தைவிட இடம்தான் முக்கியம். என் கை குத்துப்பட்டதும் இடம் தெரியாமல் பலத்தைப் போட்டதால்தான். திறந்ததும் உள்ளே இருக்கும் முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பத்து நிமிடத்தில் சிப்பி தன் தண்ணீரை மறுபடி விடும். அந்த இரண்டாவது தண்ணீர் உப்புக் குறைந்து மிருதுவாக இருக்கும், வைனுக்கும் அதுதான் பொருத்தம். கத்தி முனையால் ஓரத்தைத் தொட்டால் சிப்பி சுருங்க வேண்டும். சுருங்காததையும் வாடை வருவதையும் எறிந்துவிடுங்கள், காசைப் பார்க்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் நோயெதிர்ப்புக் குறைந்தவர்களுக்கும் பச்சைச் சிப்பி கொடுக்கக் கூடாது.

அப்புறம் வினாகிரி. பல உணவகங்களில் சிப்பியோடு சின்ன வெங்காயத்தை நறுக்கிப்போட்ட சிவப்பு வினாகிரியைக் கிண்ணத்தில் வைப்பார்கள். பார்க்க அழகு, ஆனால் முஸ்கடேயைக் கொன்றுவிடும். சாப்பாட்டில் உள்ள புளிப்பு வைனின் புளிப்பை மிஞ்சினால் வைன் தண்ணீராகிவிடும். என் மீன்குழம்பின் புளி செய்த வேலையும் இதுதான். வைன் அருந்துவதாக இருந்தால் வினாகிரியைத் தள்ளிவைத்துவிட்டு, வேண்டுமானால் எலுமிச்சை இரண்டு துளி விடுங்கள். நான் அதுவும் விடுவதில்லை. கிளாஸில் இருப்பதே எலுமிச்சையின் வேலையைச் செய்கிறது.

2014இல் உணவக முதலாளி தனக்கு வைன் தரும் தோட்டக்காரர் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நாந்திலிருந்து தென்கிழக்கே செவ்ர், மேன் என்ற இரண்டு சிற்றாறுகள் ஓடுகின்றன. அவற்றுக்கு இடையிலும் சுற்றிலும் உள்ள தாழ்ந்த மேடுகளில்தான் நல்ல முஸ்கடேயின் பெரும்பகுதி விளைகிறது. அந்தப் பகுதிக்கு 1936இலேயே செவ்ர் எ மேன் என்ற பெயரில் சட்ட உரிமை கிடைத்துவிட்டது. மரப்பீப்பாய்கள் வரிசையாக இருக்கும் நிலவறை ஒன்றை எதிர்பார்த்துப் போனேன். அவர் தரையில் இருந்த வட்ட மூடி ஒன்றைக் கழற்றிக் காட்டினார். கீழே நிலத்துக்குள் சீமெந்துத் தொட்டி, உள்சுவர் முழுக்கக் கண்ணாடி ஓடு பதித்தது. எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த ஞாபகம் வந்தது. நிலத்துக்குள் இருப்பதால் வெப்பம் ஏறி இறங்குவதில்லை. கண்ணாடி எந்த ருசியையும் கொடுப்பதில்லை.

அந்தத் தொட்டியின் அடியில்தான் விஷயம் இருக்கிறது. நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் செத்து அடியில் படியும். அதுதான் மண்டி. பல இடங்களில் வைனை மண்டியிலிருந்து பிரித்து வேறு தொட்டிக்கு மாற்றுவார்கள். இவர்கள் மாற்றாமல் குளிர்காலம் முழுக்க மண்டியின் மேலேயே இருக்கவிட்டு, வசந்தத்தில் அங்கிருந்து நேரே போத்தலில் அடைக்கிறார்கள். போத்தலில் சூர் லீ என்று எழுதியிருப்பதன் பொருளே "மண்டியின் மேல்" என்பதுதான். ஊரில் அப்ப மாவுக்குக் கள்ளு மண்டி விட்டால் அப்பத்துக்கு எப்படி ஒரு நிறைவு வருமோ, அதுபோல இந்த மண்டி மெலிந்த வைனுக்கு ஒரு சதைப்பிடிப்பைக் கொடுக்கிறது. பாண் மாவின் வாசம், நாக்கில் லேசான வழுவழுப்பு, கூடவே நொதிப்பில் உண்டான வாயு கொஞ்சம் தங்கி ஒரு சிறு கூச்சம். அந்தக் கூச்சத்தைப் பார்த்து வைன் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் அன்று கழுவும் தொட்டியில் ஊற்றிய போத்தலில் சூர் லீ என்ற எழுத்து இருக்கவில்லை. அதற்கும் சூர் லீ போத்தலுக்கும் கடையில் இரண்டு மூன்று யூரோதான் வித்தியாசம். ஆகவே வாங்கப் போகும்போது மூன்று விஷயம் பாருங்கள். செவ்ர் எ மேன் என்ற பெயர், சூர் லீ என்ற சொல், தோட்டத்திலேயே போத்தலில் அடைக்கப்பட்டது என்ற வரி. மூன்றும் இருந்தால் பெரும்பாலும் ஏமாறமாட்டீர்கள். இத்தனை உழைப்புள்ள ஒரு வைன் பத்து யூரோவுக்கும் குறைவாகக் கிடைப்பது வாங்குபவருக்கு நல்லது. தோட்டக்காரரை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும்.

அடுத்து மூல். கறுப்பு ஓட்டு மட்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். சிப்பி பிடிக்காத எங்கள் ஆட்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சமைத்துக் கொடுப்பேன். நாலு பேருக்கு 2 கிலோ. தண்ணீரில் உரசிக் கழுவி, ஓட்டின் ஓரத்தில் தொங்கும் நாரை இழுத்து எடுக்க வேண்டும். வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பார்த்து மூடாவிட்டால் எறிய வேண்டும். பெரிய சட்டியில் 40 கிராம் வெண்ணெயில் சின்ன வெங்காயம் நாலைந்தைப் பொடியாக நறுக்கி நிறம் மாறாமல் வதக்கி, 2 டெசிலீற்றர் முஸ்கடே விட்டுக் கொதித்ததும் மட்டியைக் கொட்டி மூடி, அடுப்பை முழுக்கக் கூட்டிவிடுங்கள். இடையில் சட்டியோடு இரண்டு தடவை குலுக்கினால் போதும். நாலைந்து நிமிடத்தில் எல்லாம் வாய் திறக்கும். பார்ஸ்லி தூவி உடனே மேசைக்கு. உப்புப் போடவே வேண்டாம், மட்டி விடும் தண்ணீரிலேயே கடல் இருக்கிறது. ஆரம்பத்தில் நான் பழக்கதோஷத்தில் உப்புப் போட்டு ஒரு சட்டி முழுவதையும் கெடுத்திருக்கிறேன். சமைத்த அதே போத்தலின் மிச்சத்தைக் கூடக் குடியுங்கள். கடைசியில் அடியில் நிற்கும் சாற்றைப் பாணில் தோய்த்துச் சாப்பிடாமல் எழும்ப வேண்டாம்.

இந்த ஊரின் பெருமையான சமையல் ஒன்று உண்டு. பேர் பிளான், அதாவது வெள்ளை வெண்ணெய்ச் சாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நாந்துக்குக் கிட்ட, லுவார் கரையில் சாப்பாட்டுக்கடை நடத்திய கிளெமான்ஸ் லெஃபெவ்ர் என்ற பெண்தான் இதைக் கண்டுபிடித்தார் என்பது இங்குள்ளோர் சொல்லும் கதை. வேறொரு சாற்றுக்கு முட்டை மஞ்சள்கருச் சேர்க்க மறந்ததால் இது உண்டானது என்பார்கள். சின்ன வெங்காயம் நாலு, முஸ்கடே 10 சென்ரிலீற்றர், வெள்ளை வினாகிரி 5 சென்ரிலீற்றர். இவற்றைச் சின்னச் சட்டியில் வற்றவைத்து இரண்டு கரண்டி மிஞ்சியதும், குளிர்ந்த வெண்ணெய் 250 கிராமைத் துண்டு துண்டாகப் போட்டு, சிறு நெருப்பில் விடாமல் அடிக்க வேண்டும். கொதித்தால் எண்ணெய் பிரிந்துவிடும். பிரியத் தொடங்கியதும் அடுப்பை விட்டு இறக்கி, ஒரு கரண்டி குளிர்ந்த தண்ணீர் விட்டு அடித்தால் பெரும்பாலும் திரும்பிச் சேரும். அவித்த ஆற்று மீனின் மேல் இதை ஊற்றுவார்கள்.

வினாகிரி வைனைக் கொல்லும் என்றாயே, இதில் வினாகிரி இருக்கிறதே என்று கேட்பீர்கள். நானும் ஷெஃப்பிடம் அதைத்தான் கேட்டேன். வற்றவைக்கும்போது வினாகிரியின் காரம் பறந்துவிடுகிறது, மிஞ்சிய புளிப்பை அத்தனை வெண்ணெயும் சுற்றி மூடிவிடுகிறது. வாய் முழுக்க வெண்ணெய் பூசிய அந்த நேரத்தில் ஒரு மிடறு முஸ்கடே போனால், எண்ணெய்ப் பிசுக்கை எலுமிச்சை அறுத்தெடுப்பதுபோல வாய் மறுபடி சுத்தமாகும். உப்புக்கு அடுத்தபடி இந்த வைன் கேட்பது கொழுப்பைத்தான். கோடையில் கெராந்த் என்ற ஊரின் கடலுப்புத் தூவி நெருப்பில் சுட்ட சாளை மீனும் அதனால்தான் இதற்கு அவ்வளவு பொருந்துகிறது. சாளையில் உப்பும் இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது. நண்டு அவித்து மயோனைஸோடு, கணவாய் பொரித்து, ஆட்டுப்பால் சீஸ் புதிதாக, எல்லாம் நல்லாகவே போகும். மாட்டிறைச்சி, தக்காளிச் சாறு, இனிப்பு இவை மூன்றுக்கும் வேறு வைன் பாருங்கள். அதிலும் இனிப்போடு குடித்தால் முஸ்கடே பச்சைப் புளியங்காயாக மாறிவிடும்.

எங்கள் சமையலோடு எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். பல வருடம் வீட்டில் முயன்று பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். புளிக்குழம்பு எதுவும் சரிவராது. யாழ்ப்பாணத்து உறைப்புக் கறியும் சரிவராது. உறைப்பு எரியும் நாக்குக்கு இந்த வைனின் நுணுக்கம் ஒன்றும் தெரியாது. ஆனால் மஞ்சளும் உப்பும் மிளகும் மட்டும் பூசிய மீன் பொரியல், மேலே தேசிக்காய் பிழிந்து சாப்பிடும்போது மிகவும் நன்று. எனக்கு ஆச்சரியம் தந்தது பால்சொதி. பச்சைமிளகாயை ஒன்றாகக் குறைத்து, றாலும் தேங்காய்ப்பாலும் கூட்டி, இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி கொஞ்சமாக விட்டுச் செய்தேன். தேங்காய்ப்பால் வெண்ணெயின் இடத்தை எடுத்துக்கொண்டது. என்னோடு குசினியில் நிற்கும் அண்ணை ஒருவர் வைனே தொடாதவர். அன்று சொதியோடு ஒரு வாய் குடித்துவிட்டு, "தம்பி, இது சொதிக்குப் புளி விட்ட மாதிரியெல்லோ இருக்கு" என்றார். அதைவிட நன்றாக நான் எழுதிவிட முடியாது.

குளிர் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் 4 அல்லது 5 பாகைதான் இருக்கும். அந்தக் குளிரில் மெல்லிய வாசம் எதுவும் எழும்பாது. முஸ்கடேக்கு 8 முதல் 10 பாகை வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் மேசையில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். திறந்த போத்தலை மூடிக் குளிரில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

முஸ்கடேயை வாங்கிய வருடமே குடித்துவிட வேண்டும் என்று நானும் நம்பியிருந்தேன். அந்தத் தோட்டக்காரர்தான் அதை மாற்றினார். 2016இல் போனபோது தூசி படிந்த ஒரு 2005 விளைச்சல் போத்தலைத் திறந்தார். நிறம் வைக்கோல் மஞ்சளுக்கு ஏறியிருந்தது. புளிப்பு அப்படியே இருந்தது. மேலே தேனும் வறுத்த பருப்பும்போல ஒரு வாசம். நல்ல நிலத்தில் விளைந்து மண்டியில் நெடுநாள் கிடந்தால் முஸ்கடே மூப்படையத் தெரிந்த வைன். இதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2011இல் கிளிசோன், கோர்ஜ், லு பலே என்ற மூன்று ஊர்களுக்கு அவற்றின் பெயரையே போத்தலில் போடும் உரிமை கிடைத்தது. அதற்குப் பிறகு வேறு ஊர்களும் சேர்ந்தன. கிளிசோன் கருங்கல் நிலம், கோர்ஜ் கப்ரோ என்ற கரும்பாறை உடைந்த களி நிலம். இரண்டுக்கும் மண்டியின் மேல் குறைந்தது இரண்டு வருடம் கட்டாயம். இவற்றைச் சிப்பியோடு குடித்து வீணாக்காமல் பேர் பிளான் ஊற்றிய மீனுக்கும் வெண்ணெயில் வதக்கிய காளானுக்கும் வைத்துக்கொள்வேன், அதுவும் 12 பாகையில். லு பலேயில் இந்தத் தோட்டங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நாந்த் வருபவர்கள் அரைநாள் ஒதுக்கலாம்.

2021 ஏப்ரல் முதல் வாரத்தை மறக்க முடியாது. மார்ச் கடைசியில் வெயில் காய்ந்து மொட்டுகள் அவசரமாக விரிந்துவிட்டன. அதன் பின்னால் உறைபனி வந்தது. பிரான்ஸ் முழுக்கத் தோட்டங்களில் இரவிரவாக நெருப்பு மூட்டிக் காவல் இருந்தார்கள். சில நாள் கழித்துத் தோட்டக்காரரைப் பார்க்கப் போனேன். வரிசை வரிசையாகத் தளிர்கள் நெருப்பில் வாட்டிய இலைபோலக் கருகித் தொங்கின. 2016இலும் 2017இலும்கூட அவர் இதைப் பார்த்தவர். ஆள் அதிகம் கதைக்கவில்லை. கருகிய தளிர் ஒன்றைக் கிள்ளி, அடியில் பச்சையாக எட்டிப் பார்த்த இரண்டாவது மொட்டைக் காட்டி, "இதில் கொஞ்சம் வரும்" என்றார்.

கொஞ்சம்தான் வந்தது. அடுத்த வருடம் ஒரு வீட்டுக்கு ஆறு போத்தல் என்று அளந்து கொடுத்தார். என் பங்கில் நாலைக் குடித்தாயிற்று, ஒவ்வொன்றும் சிப்பியோடுதான். மற்ற இரண்டும் படிக்கட்டின் கீழே இருட்டில் படுத்திருக்கின்றன. ஒன்று, சொதிக்கு என்று அந்த அண்ணைக்கு எடுத்துவைத்தது.